டூலெட்காரரும் தொலைந்த பெட்டியும்

வருஷம் பூராவும் ‘மாடி வாடகைக்கு’ என்று பலகை தொங்கவிட்டு, கேட்டு வந்த ஒருத்தருக்கும் மாடியைக் கொடுக்காத வீட்டுக்காரர் கோயமுத்தூரிலேயே எங்கள் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். சௌரிபாளையத்தில் அவரை டூலெட்காரர் என்றால்தான் தெரியும். நிஜப் பெயர் போஸ்ட்மேனுக்கே மறந்துவிட்டது.

கீழே ஒரு பாதியில் அவர், மறு பாதியில் நாங்கள். மாடி காலி.

பலகையைப் பார்த்து யார் வந்தாலும் உட்கார வைத்துக் காபி கொடுப்பார். அப்புறம் வரியை ஆரம்பிப்பார்.

“விட்டா வருமானத்துக்கு வரிங்க. விடாட்டியும் சொத்து வரிங்க. அப்பறம் எதுக்குங்க விடோணும்?”

பெருந்துறையிலிருந்து மாற்றலாகி வந்த ஒருத்தர், பாவம், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். “ஏனுங்க, விட்டா மாசாமாசம் வாடகை வருமுங்களே?”

“வம்பே அதுலதானுங்க! நீங்க கொழாய் சொட்டுதும்பீங்க. நான் வாடகைய ஏத்தோணும்பேன். இத்தன நல்லாப் பழகிட்டு எதுக்குங்க சண்டை?”

அந்த மனுஷர் இரண்டாவது காபியையும் குடித்துவிட்டு, குடியிருப்பவர்களை இவரோடு சேர்ந்து நன்றாகத் திட்டிவிட்டு, வெறுங்கையோடு போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “விடறதில்லைன்னா பலகைய எறக்கிப்போடுங்களேன்!”

“ஊட்ட விட்டாத்தானுங்க எறக்கோணும்” என்று பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

போன வருஷம் சிங்கப்பூரிலிருக்கும் மகன் டிக்கெட் போட்டான். கிளம்பும் அன்று பார்த்தால், மனுஷர் ஏணி போட்டுப் பலகையைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

“இதெதுக்குங்க?”

“நான் இல்லாதப்போ யாராச்சும் வந்து ஏமாந்து போயிருவாங்கல்லங்க.”

மடியில் வைத்துக்கொண்டே பறக்கத்தான் அவருக்கு ஆசை. தகரத்தின் முனை கூர்மை என்று சொல்லி, விமான நிலையத்தில் பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்லிவிட்டார்கள். போகும்போது ஒழுங்காகப் போன பெட்டி, திரும்பி வரும்போது வரவில்லை.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு விமான கம்பெனி ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். “பெட்டியில என்னங்க சார் இருந்துச்சு?”

“வேட்டி சட்டைங்க. ஒரு தகரப் பலகைங்க.”

“பலகை என்ன மதிப்பு இருக்குமுங்க?”

போச்சு, இனி வரியை இழுப்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். குப்பை வரிக்கே மாநகராட்சியைக் கிடுகிடுக்க வைத்த மனுஷர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

“எங்கூட்டுக்காரம்மா எழுதுனதுங்க, அம்மணி. மாடி கட்டி முடிச்சப்போ கேட்டுக்கு அடிச்ச பெயிண்ட் மிச்சமிருந்துச்சு. நானே எழுதறேன்னு எழுதி, ஓரத்துல பூ வேற போட்டா. மாட்டுன வாரமே போய்ச் சேர்ந்துட்டா.”

மாடியை விட்டால் பலகையை இறக்க வேண்டும். அவர் பேசிய வரி, வம்பு எல்லாம் அதற்காகத்தான்.

பெட்டி கிடைக்கவே இல்லை. நஷ்டஈடு தருகிறோம் என்றார்கள், வாங்கவில்லை. புதுசாக எழுதித் தரட்டுமா என்று கேட்டேன், வேண்டாமென்று தலையாட்டினார். பலகை இல்லாத வீட்டுக்கு யார் வருவார்கள்? சாயங்காலமானால் கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வாதம் பண்ண ஆளில்லாமல் மனுஷர் இளைத்தே போனார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, தெருவைச் சுற்றி வந்து கேட்டைத் தட்டினேன்.

“ஏனுங்க, மாடி வாடகைக்குங்களா?”

ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“குடும்பமுங்களா, பேச்சிலருங்களா?”

“குடும்பந்தானுங்க.”

“உள்ள வாங்க. காபி சாப்டுட்டே பேசலாமுங்க.”

இருட்டும்வரை சொத்து வரிக்காகக் கத்தினோம். கடைசியில், “தர முடியாதுங்க” என்றார் கறாராக.

“சரிங்க, நாளைக்கு வந்து கேக்கறனுங்க.”

அன்றிலிருந்து தினமும் அவரிடம் வீடு கேட்டுப் போகிறேன். என்றைக்காவது மனசு மாறிக் கொடுத்துவிடுவாரோ என்பதுதான் என் கவலை.