பதினாறு பொட்டு வைத்த கார்

பெரிய எலக்ட்ரிக் கார் நம்ம ஊருக்குச் சரிப்பட்டு வருமா என்று யாராவது பேச்செடுத்தால், எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர் தெரியும், அதுவும் எதிரே யாரும் வராத தெருவில். ஆனாலும் இந்த விஷயத்தில் கருத்துச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு காரின் கண்களை என் கையாலேயே மூடியவள் நான். (மூடினேன், குத்தவில்லை. இந்த வித்தியாசத்தை எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.)

அப்போது என் மகள் யாழினிக்கு இரண்டு வயது. ஆந்திர எல்லையோரத் தமிழ் மீடியம் பள்ளிகளுக்கான ஆசிரியர் தேர்வில் நான் தேறியிருந்தேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே படித்த படிப்பு அது. சான்றிதழ் சரிபார்ப்பு திருப்பதியில், காலை பதினொரு மணிக்கு. வராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று போனுக்கு வந்த செய்தியில் இருந்தது. அந்த வரியை ஒரு நாளைக்குப் பத்து முறை எடுத்துப் படித்தேன், ஒருவேளை மாற்றியிருப்பார்களோ என்று.

கணவருக்கு ஸ்ரீ சிட்டியில் ஷிப்ட் வேலை, விடுப்பு கிடைக்கவில்லை. யாழினி என்னை விட்டு இருக்கமாட்டாள். ஆகவே குழந்தையோடு சித்தூரிலிருந்து ஆறு மணி பஸ்ஸில் போவதாக முடிவு செய்திருந்தேன். ஆறு மணி பஸ் வராவிட்டால் ஆறே முக்கால், அதுவும் வராவிட்டால் ஷேர் ஆட்டோவில் பூதலப்பட்டு வரை போய் அங்கிருந்து வேறு பஸ். மூன்று திட்டங்களையும் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் முரளி அண்ணா வந்தார். என் நாத்தனாரின் கணவர், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வாங்கி இரண்டு வாரம்கூட ஆகாத புதுக் காரை மாமியாருக்குக் காட்ட வந்திருந்தார். கார் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் தெரு முடிந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை வீட்டுக் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

என் அத்தை, அதாவது மாமியார், வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "இன்னா மாப்ள, கார் வாங்கினு வந்தீங்களா, வீடு வாங்கினு வந்தீங்களா?"

"உள்ள ஏறிப் பாருங்க அத்த. சீட்டே முதுகு புடிச்சு வுடும்."

முக்காலி போட்டு ஏறினார். அண்ணா ஒரு பட்டனை அழுத்தினார். அத்தை அலறிக்கொண்டு இறங்கினார். "யாரோ பின்னால குந்திக்கினு குத்தறாங்க!"

ஆறடி உயரமுள்ள அண்ணாவுக்கு அந்த இருக்கை அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. நான் உட்கார்ந்தபோது என் கால் தரையைத் தொடவில்லை. யாழினியின் காலும் என் காலும் ஒரே உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. பெங்களூரில் அண்ணாவின் அபார்ட்மென்ட்டில் காருக்கென்றே சார்ஜர் இருக்கிறது. எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, கிரைண்டர் பிளக்கில் சொருகினோம். மாவா காரா என்ற கேள்வி வந்தது. இட்லி மாவு அரைத்து முடிக்கும்வரை கார் காத்திருந்தது.

புது வண்டி வந்தால் பூஜை போடாமல் இருக்க முடியுமா? அத்தை முன்பக்கம் சாமந்தி மாலை போட்டு, கற்பூரம் காட்டினார். சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "பொட்டு நீ வெய்டி, உனக்குத்தான் கை ஒழுங்கா இருக்கும்" என்றார்.

அந்தப் பாராட்டுதான் என்னைக் கெடுத்தது. இவ்வளவு பெரிய காருக்கு மூன்றே மூன்று பொட்டு வைத்தால் போதுமா? ஊர் கண் எல்லாம் இதன்மேல்தானே விழும்? நாளைக்கு இதில்தான் போகவேண்டும் என்று அண்ணா வேறு சொல்லிவிட்டார் ("பஸ்லயா போவீங்க? குழந்தைய வெச்சுக்கிட்டா?"). சுற்றி வந்து பார்த்தேன். முன்னும் பின்னுமாகக் காசளவுக்குப் பன்னிரண்டு வட்டங்கள் தெரிந்தன. பொட்டு வைப்பதற்கென்றே கம்பெனிக்காரர்கள் இடம் குறித்து அனுப்பியது போல, சரியான இடைவெளியில்! ஒவ்வொன்றிலும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, அதன் நடுவே குங்குமம் வைத்தேன். மாலைக்குக் கீழே கறுப்பாகப் பளபளத்த ஒரு குமிழுக்கும், கண்ணாடிகளின் அடியில் இருந்த இரண்டுக்கும், நம்பர் பலகைக்கு மேலே இருந்த ஒன்றுக்கும் வைத்தேன். எண்ணினால் பதினாறு. மனசு நிறைந்துவிட்டது. அண்ணா அதைப் போட்டோ எடுத்து என் நாத்தனாருக்கு அனுப்பினார். (இதை நான் எல்லாரிடமும் சொல்வேன். அவரும் பார்த்தார்தானே?)

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். ரிவர்ஸ் எடுத்தபோது திரையில் பின்பக்கம் தெரியவேண்டிய இடத்தில் ஒரே இருட்டு.

"பனி படிஞ்சிருக்கும்" என்றார் அண்ணா.

(ஜூன் மாதம். சித்தூர்.)

அதற்குள் கார் கீச்சுக்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அண்ணா தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்து ஓட்ட, தெருவே வெளியே வந்து "ரைட்டு, ரைட்டு, ஓல்டான்" என்று வழிகாட்ட, முக்குத் திரும்பவே அரை மணி ஆனது. நெடுஞ்சாலைக்கு வந்து வேகம் பிடித்ததும் சத்தம் நின்றது. அதன் பிறகு அந்தக் கார் போன அழகை நான் மறைக்கமாட்டேன். மடியில் தண்ணீர் டம்ளர் வைத்திருந்தால்கூடத் தளும்பியிருக்காது. யாழினி தூங்கிப்போனாள்.

பூதலப்பட்டு தாண்டினோம். மாம்பழச் சீசன். கூழ் தொழிற்சாலைக்குத் தோத்தாபுரி மாங்காய் ஏற்றி வந்த டிராக்டர்கள் சாலையில் வரிசையாக நின்றிருந்தன. மற்ற வண்டிகள் அவற்றின் நடுவே ஊர்ந்துகொண்டிருந்தன. நாங்களும் ஊர ஆரம்பித்தோம். கார் திடுக்கென்று நின்றது. முன்னால் தடை இருக்கிறது என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், கான்வென்ட் பிரின்சிபால் மாதிரி சொன்னது. முன்னால் இருந்த டிராக்டர் இருபது அடி தள்ளி இருந்தது. அண்ணா நகர்த்தினார். மறுபடி திடுக். பின்னால் ஹாரன்கள். மறுபடி நகர்த்தினார், மறுபடி பிரின்சிபால்.

மணி ஒன்பதே முக்கால். என் மடியில் சான்றிதழ் கோப்பு. பக்கத்தில் காலியாகப் போன ஒரு திருப்பதி பஸ்ஸை நான் பார்த்த பார்வையை, நல்லவேளை, யாரும் போட்டோ எடுக்கவில்லை.

அண்ணா ஓரமாக நிறுத்தி, இறங்கி, கம்பெனிக்குப் போன் போட்டுச் சத்தம் போட ஆரம்பித்தார். பின்னால் இருந்த டிராக்டரிலிருந்து லுங்கி கட்டிய ஒருவர் இறங்கி வந்தார்.

"இன்னா சார், நின்னு நின்னு போய்க்கினு கீறீங்க? எங்க மாங்கா பழுத்துடும் போலக்குதே."

"சாஃப்ட்வேர் ப்ராப்ளம்ங்க. பேசிட்டிருக்கேன்."

"பெங்களூர்ல நாலு வருசம் டாக்சி ஓட்டினு இருந்தேன் சார். சேறு அடிச்சா என் வண்டியும் இப்டித்தான் கத்தும்." முன்பக்கம் குனிந்தவர் நிமிரவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. "யாரும்மா இது, இவ்ளோ அக்கறையா பொட்டு வெச்சது? இந்த வட்டம்லாம் சென்சாரு, வண்டிக்குக் கண்ணு. ஒரு கண்ணக்கூட வுடலியே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தைதான் வைத்தார் என்று சொல்லிவிடலாமா? இங்கே இல்லாதவர், மறுத்துப் பேச வழியில்லை. பேசாமல் இருந்தால் கம்பெனிமேலேயே போய்விடும், அதுவும் நல்லதுதான். ஆனால் கம்பெனிக்காரர்கள் ஆள் அனுப்பும்வரை அண்ணா இங்கேயே நிற்பார். பத்தாக இரண்டு நிமிடம். என் மானத்தைக் காப்பாற்ற அவ்வளவு நேரம் இல்லை.

இறங்கினேன். "அண்ணா, நான்தான் வெச்சேன். அதெல்லாம் டிசைன்னு நெனச்சேன்."

அண்ணா போனைக் காதில் வைத்தபடியே கேட்டார். "எத்தன?"

"பதினாறு."

அவர் போனில், "ப்ராப்ளம் கெடச்சிடுச்சு மேடம். இல்ல இல்ல, பார்ட் ஒண்ணும் போகல. ஃபேமிலி" என்றார்.

இரவெல்லாம் காய்ந்த சந்தனம் சிமெண்ட் மாதிரி பிடித்திருந்தது. யாழினிக்காக வைத்திருந்த ஈரத் துடைப்பான் ஒரு பாக்கெட் முழுக்கத் தீர்ந்தது. டிராக்டர்காரர் தண்ணீர் கேன் கொண்டுவந்து ஊற்ற, நான் நகத்தால் சுரண்ட, அண்ணா மாலையைக் கழற்றி என் கழுத்தில் போடுவது போல ஒரு பாவனை காட்டினார். "கண்ணாடி அடியில ஒண்ணு பாக்கி கீதும்மா" என்று கடைசிப் பொட்டையும் கண்டுபிடித்தவர் டிராக்டர்காரர்தான். அதோடு விடவில்லை. அண்ணா விஷயத்தைச் சொன்னதும் முன்னால் ஓடிப்போய், "கண்ணு தொறந்துச்சு, வழி வுடுங்கப்பா! அந்தம்மா பரிச்சைக்குப் போவுது!" என்று டிராக்டர்களை ஒதுக்கி வழி செய்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. சீசன் வந்தால் அந்தச் சாலையில் ஒவ்வொரு டிராக்டராகப் பார்த்துக்கொண்டே போகிறேன்.

இவ்வளவு கூத்துக்கும் யாழினி கண் விழிக்கவில்லை. அந்த வெயிலில், இன்ஜின் சத்தமும் புகையும் இல்லாமல், உள்ளே குளிர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கார் யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால், முதலில் அண்ணாவைச் சொல்வேன், அடுத்துத் தூங்குகிற குழந்தையைச் சொல்வேன். எங்கள் தெருவுக்கு மட்டும் பொருந்தாது.

திருப்பதியில் போய் நின்றபோது பதினொன்று இருபது. கூடத்துக்குள் ஓடினேன். மூச்சு வாங்கியபடி விசாரித்தால், முதலில் தெலுங்கு மீடியம், அப்புறம் மற்றவை, தமிழ் மீடியம் கடைசியாம். எந்தப் பட்டியலிலும் நம்மைக் கடைசியில் வைக்கிறார்களே என்று குறைப்பட்டுக்கொண்டே வளர்ந்தவள் நான். அன்று அந்தக் கடைசிக்குக் கைகூப்பினேன். பன்னிரண்டரைக்குத்தான் என் பெயர் வந்தது.

சான்றிதழ்களை நீட்டினேன். அதிகாரி ஒவ்வொரு நகலாகப் புரட்டினார். புருவத்தை உயர்த்தினார். எல்லா நகல்களின் ஓரத்திலும் என் கட்டைவிரல் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"ஏமம்மா, சர்டிஃபிகேட்லகி கூடா பூஜ சேசாரா?" என்று தெலுங்கில் கேட்டார். சான்றிதழுக்குமா பூஜை போட்டீர்கள் என்று.

கூடமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்ததும் அத்தையிடம் அண்ணா, "வழியில சாஃப்ட்வேர் கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு" என்று மட்டும் சொன்னார். "நான்தான் சொன்னேனே, கரண்ட்டு காரெல்லாம் நம்ம பக்கம் ஆவாது" என்றார் அத்தை. அண்ணா என்னைப் பார்க்கக்கூட இல்லை. அந்தப் பார்க்காமைக்கு எனக்கு இருந்த நன்றியைச் சொல்லத் தெரியவில்லை. வேலை உத்தரவு கைக்கு வந்த அன்றுதான் நானே உண்மையைச் சொன்னேன்.

அன்று ஆரம்பித்த தகராறு இன்னும் ஓயவில்லை. "பாத்தியா, அந்தப் பதினாறு பொட்டாலதான் வேல கெடச்சுது" என்பது அத்தையின் கட்சி. "பொட்ட அழிச்சதாலதான், அத்த, கெடச்சுது" என்பது அண்ணாவின் கட்சி. ஒவ்வொரு பண்டிகைக்கும் இலை போட்டதும் இது தொடங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்தக் கட்சியோ அதற்கு நான் தலையாட்டுவேன்.

போன மாதம் நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே யாழினியைச் சேர்த்தோம். அம்மாவுக்கு எப்படிம்மா இங்கே வேலை கிடைத்தது என்று தலைமை ஆசிரியை அவளிடம் விளையாட்டாகக் கேட்டார். நான் படித்த படிப்பெல்லாம் அவளுக்கு நினைவிருக்கும் என்று பெருமையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"எங்கம்மா ஒரு கார் கண்ணுல குங்குமம் போட்டாங்க மிஸ்" என்றாள் யாழினி. "அது அழுதுச்சு. அப்புறம் இவங்களே தொடச்சு வுட்டாங்க. அதனால டீச்சர் ஆக்கிட்டாங்க."