என் புளியும் அவர் லாரியும்

என் வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்றால், வீட்டில் ஏதோ ஒரு பொருள் காணாமல் போகப் போகிறது என்று அர்த்தம். அன்று காணாமல் போனது என் கடைசி உருண்டைப் புளி.

சப்பான்காரன் வந்ததிலிருந்து இந்தியாக் கப்பல் கிடையாது. கப்பல் இல்லையென்றால் புளியும் இல்லை. அந்த உருண்டையை நான் பெற்ற பிள்ளைபோலக் காத்து வைத்திருந்தேன். விடிந்ததும் இடுப்பில் குழந்தையோடு கொல்லைப்பக்கம் போனால், மனிதர் அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருக்கிறார்.

“யாருக்குங்க ரசம்?”

“லாரிக்கு.”

சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் அந்த லாரி இரண்டு வருஷமாகக் குந்தியிருந்தது. ரேடியேட்டரில் இருந்த தண்ணீர் வெள்ளைக்காரன் காலத்துத் தண்ணீர். டிரைவர் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

“இன்னைக்குப் பத்து மணிக்கு லாரி வச்சிருக்கிறவன் எல்லாம் பாடாங்கு மைதானத்துக்குக் கொண்டு வரணுமாம். சப்பான் ஆபீசர் ஓட்டிப் பார்ப்பாராம். அங்க துபாஷியா இருக்காரே சீனி முகம்மது அண்ணன், அவருதான் சொன்னாரு. தேறினா மாசம் ஒரு மூட்டை அரிசி! இனிமே இந்த வீட்டுக்குள்ள மரவள்ளிக் கிழங்கு நுழையாது. சத்தியம்!”

“தேறினா லாரி யாருக்கு?”

“அவங்களுக்கு.”

“ஓட்டுறது?”

“நான்தான் லா! வேற யாரு?”

“எங்க ஓட்டுவீங்க?”

அவர் புளியை மும்முரமாகப் பிசைந்தார்.

எனக்குத் தெரியும். சயாமுக்கு. மூன்றாவது வீட்டுத் தங்கராஜு அண்ணன் இப்படித்தான் லாரியோடு போனார். அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்களாம். ஒரு கடுதாசி வரவில்லை. அவர் வீட்டில் இப்போது தெருவில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிறார்கள்.

“துருப்பிடிச்ச வண்டிங்க. அப்படியே விடுங்க. பாதி வழியில கொதிச்சு நின்னுடும். அவனும் வேணாம்னுடுவான்.”

“இந்த நல்லமுத்து லாரி நடுரோட்டுல நிக்கிறதா? என் மானம் என்ன ஆகிறது?”

“மானம் சயாமுக்குப் போகட்டும். நீங்க இங்க இருங்க.”

“பொம்பளைக்கு லாரியைப் பத்தி என்ன தெரியும்?”

அதை அவர் கேட்டிருக்க வேண்டாம்.

சப்பான்காரனுக்கு நான் பயப்படவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் புளியையும் புருஷனையும் ஒரே நாளில் தூக்கிக் கொடுக்க நான் தயாரில்லை.

அவர் ரேடியேட்டருக்கு அடியில் இருந்த குழாயைத் திறந்தார். கோப்பி நிறத்தில் கொழகொழவென்று வந்தது. கூடவே துருச் செதில், செத்த கரப்பான் ஒன்று. பிறகு மிச்சத் துருவை அரிக்கப் புளித்தண்ணீரை ஊற்றி, ஹேண்டில் போட்டு, எஞ்சினை அரைமணி நேரம் உறும விட்டு வடித்தார். அப்புறம் வாளி வாளியாகப் பச்சைத்தண்ணீர். இறைத்தது நான். எஞ்சின் ஆறி, கீழே தண்ணீர் கண்ணாடியாக ஓடியது.

“பார்த்தியா! இனி நல்ல தண்ணி ஊத்தி மூட வேண்டியதுதான்.”

“எந்தத் தண்ணியும் ஊத்தலாமாங்க?”

“சூட்டுல அது ஓடிக்கிட்டே இருக்கணும் புள்ள. கெட்டியா ஏதாவது அடைச்சா போச்சு, கொதிச்சிடும்.”

“அப்படியா? எனக்கு எங்க இதெல்லாம் தெரியுது!”

“நான் கீழ படுத்து ஒழுகுதான்னு பார்க்கிறேன். நீ மேல ஊத்து.”

“இதோ, வாளி எடுத்துட்டு வந்துடறேன்.”

வாளியோடு நான் போனது பக்கத்து வீட்டு ருக்குமணி அக்காவிடம்.

“அக்கா, மரவள்ளி மாவு நாலு சிரட்டை கொடுங்க. அவருக்குப் பலகாரம் செய்யணும்.”

“இந்தப் பஞ்சத்துல பலகாரமா! எனக்கும் ஒரு துண்டு கொண்டு வா லா.”

மாவை வாளித் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்தேன். திரும்பி வந்தபோது லாரிக்கு வெளியே அவர் கால்கள் மட்டும் தெரிந்தன.

“ஊத்து!”

ஊற்றினேன். பால்போல இறங்கியது.

“எப்படிக் குடிக்குது பாருங்க!”

“குடிக்காதா பின்னே? ரெண்டு வருஷத் தாகம்!” என்றன கால்கள்.

மூடியைத் திருகி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளைபோலக் கிளம்பினார்.

மத்தியானம் நடந்து வந்தார். சட்டையெல்லாம் திட்டுத்திட்டாகப் பசை. இடது கன்னம் வீங்கியிருந்தது.

“மூடி பறந்துச்சு புள்ள! ஆபீசர் தொப்பியை உரசிக்கிட்டுப் போச்சு. உள்ளேயிருந்து கஞ்சி! லாரி கஞ்சி கக்கி எங்கயாவது பார்த்திருக்கியா? விட்டான் ஒரு அறை. சீனி முகம்மது அண்ணன்தான் ‘துவான், கிழட்டு வண்டி, வயித்துல சீழ் வச்சிடுச்சு’ன்னு சொல்லிக் காப்பாத்தினாரு. இழுத்துட்டுப் போன்னுட்டான். ஒரு மரத்தடியில தள்ளி விட்டுட்டு வந்துட்டேன். பாழாப்போன புளி!”

அந்த அறை என் திட்டத்தில் இல்லை. துணியைச் சூடுகாட்டி ஒற்றினேன்.

“மத்த லாரியெல்லாம்?”

“ஏழு தேறிச்சு.” குரல் இறங்கியது. “ஏழு டிரைவரையும் வீட்டுக்குக்கூட விடல. அப்படியே படகுல ஏத்தி அக்கரையில இருக்கிற பிறை டேஷனுக்குக் கொண்டு போயிட்டான். அங்கேருந்து ரயிலாம். ஒருத்தன் சட்டைத்துணி எடுத்துட்டு வரேன்னு கேட்டான். விடல.”

என்னிடமிருந்து குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த அடக்கம் சாயங்காலம்வரைதான். வேலியோரம் ருக்குமணி அக்கா தலை தெரிந்ததும் வீரம் திரும்பிவிட்டது.

“அக்கா, சப்பான்காரனையே ஏமாத்திட்டேன் தெரியுமா? எல்லாம் வேணும்னேதான்! புளியை ஊத்தினா வண்டி கொதிக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும். இவளுக்குக்கூடச் சொல்லல. பொம்பளைங்க வாய் தங்காது பாருங்க!”

“அது கிடக்கட்டும் தம்பி. உனக்குப் பலகாரம் செய்யணும்னு காலையில நாலு சிரட்டை மரவள்ளி மாவு வாங்கிட்டு வந்தாளே உன் பெண்டாட்டி. எனக்கு ஒரு துண்டுகூட வரலையே?”

அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சட்டையில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டி முகர்ந்தார்.

“பலகாரம்தானே அக்கா?” என்றேன். “அதை இவரே பாடாங்குல வச்சுக் கிண்டிட்டு வந்துட்டாரு.”