நாலாவது கேள்விக்கு ஒரு திருத்தம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் படுக்கையில் நலம். அங்கு நீயும் உன் ஏணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு மாரடைப்பு வந்தது. வந்ததற்கு வைத்தியமும் ஆகிவிட்டதால் பதற வேண்டாம். இந்தக் கடிதம் அதைப் பற்றியதும் அல்ல. போன மாதம் உன் வீட்டுத் தண்ணீர்த்தொட்டியை எட்டிப் பார்க்க அந்த ஏணியில் ஏறி, மல்லாக்க விழுந்து, இரண்டு நிமிஷம் நினைவு தப்பி, பின்மண்டையில் நான் நாலு தையல் போட்டுக்கொண்டதை அக்காவிடம் மூச்சு விடக் கூடாது என்று நாம் சத்தியம் செய்துகொண்டோமே, நானும் காதில் குளிர் படுகிறது என்று பத்து நாள் கம்பளிக் குல்லாவோடு திரிந்தேனே, அந்தச் சத்தியத்தை நான் மீறிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்க்கும்போது நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அக்கா என்னைப் பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். இ.சி.ஜி. பார்த்த டாக்டரம்மா, "ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைச்சிருக்கு. கரைக்கிற மருந்து உடனே போடணும். அதுக்கு முன்னாடி சில கேள்வி" என்று ஒரு தாளை எடுத்தார். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் வேலையை முப்பது வருஷம் பார்த்தவன் நான். வலியிலும் பதில் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் என்னைக் கேட்கும் கேள்விகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து யார் பதில் சொல்கிறார்கள் என்பது உனக்குத் தெரியாததல்ல.

"பக்கவாதம் வந்திருக்கா?"

"இல்லை."

"வயித்துப்புண், ரத்த வாந்தி?"

"இல்லை."

"சமீபத்துல ஆபரேஷன்?"

"பல்லு பிடுங்கவே மூணு வருஷமா பயந்துட்டிருக்கார்."

"மூணு மாசத்துக்குள்ள தலையில அடி?"

"நான் கூடவே இருக்கேன், யாரு அடிப்பா?"

டாக்டரம்மா 'இல்லை' என்று குறித்துக்கொண்டார். நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டார். "ஒருவேளை அடிபட்டிருந்தா என்ன ஆகும்?" என்று நான் பொதுவாகத் தெரிந்துகொள்வதுபோலக் கேட்டேன். "மருந்துக்கு எந்தக் கட்டின்னு தெரியாது. உள்காயம் இருந்தா அதை அடைச்சிருக்கிற கட்டியையும் கரைச்சிடும், அங்கயும் ரத்தம் கசியும். மண்டைக்குள்ள கசிஞ்சா உயிருக்கே ஆபத்து" என்றார். மூளையா, மானமா என்று யோசித்துப் பார்த்தேன். மானம் ஏற்கெனவே பழுதுபட்டதுதான். "நாலாவது கேள்விக்கு ஒரு திருத்தம்" என்றேன்.

ஊசி தட்டுக்குத் திரும்பியது. என்னை ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு அடைப்பை எடுத்தார்கள். வழியில் நாற்பது நிமிஷம் உன் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. மாரடைப்பைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. இன்றோடு மூன்று நாள் ஆகிறது, இன்னும் பேசவில்லை. ஆகவே நீ உடனே அவளுக்கு ஒரு கடிதம் எழுது. அத்தான் எவ்வளவோ மறுத்தும் நான்தான் அவரை வற்புறுத்தி ஏற்றினேன் என்று எழுது. உனக்கு வயசு இருக்கிறது, திட்டுத் தாங்குவாய்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடு தரையிலேயே நடமாட வேண்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: மேலே கேட்ட கடிதம் வேண்டாம். உறை ஒட்டும்போது அக்கா வந்து பேசிவிட்டாள். "அந்தம்மா கேட்டப்போ இல்லைன்னு சொன்னது நான். நீங்க வாயைத் திறக்கலைன்னா, என் வாயாலேயே உங்களைக் கொன்னிருப்பேன்" என்றாள். இதற்குமுன் அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் தாங்கவில்லை. நானாகத்தான் ஏறினேன் என்று சொல்லிவிட்டேன். அதோடு, அவளுக்குத் தெரியாமல் இத்தனை வருஷம் வைத்திருந்த மற்ற இரண்டு ரகசியங்களையும் சொல்லிவிட்டேன். அதில் ஒன்று உன்னுடையது.