இரண்டு பூச்சு வார்னிஷ்

மேன்மை தங்கிய கோமான் அப்பல்லோன் ஸ்விதுனோவ் பிறந்த மாதமே ராஜ்ஜியத்துக்குச் சேவை செய்யத் தொடங்கிவிட்டார். தொட்டிலில் கிடந்தபோதே காவல்படையில் பெயர் பதிவானதால், பால்பல் விழுவதற்குள் பதவி உயர்வு வந்தது. பிறகு, எட்டிக்கூடப் பார்க்காத ஒரு மாகாணத்தைப் பதினொரு ஆண்டுகள் ஆண்டார். அங்கே ஒரு குறையும் இல்லை என்று அவரே சான்றளித்ததால் பீட்டர்ஸ்பர்க்கில் மந்திரியானார். எதிலும் அவர் முடிவெடுத்ததே கிடையாது. அந்த நிதானத்துக்காகவே மார்பில் பதக்கங்கள் கூடிக்கொண்டு போயின.

அவர் அலுவலகத்தில் குமாஸ்தா நிகானுக்கு ஒரே வேலை. சக்கரவர்த்தி அறிக்கைகளின் ஓரத்தில் பென்சிலால் ஏதாவது குறித்தால், அது அழியாதபடி வார்னிஷ் பூச வேண்டும். இருபது வருடமாகப் பூசுகிறான். சோறு போடுகிற வேலையை யார் பழிப்பார்கள்?

அந்த வசந்தத்தில் சுகோபோல் வட்டத்திலிருந்து அறிக்கை வந்தது: பயிர் கருகிவிட்டது, தானியம் அனுப்புங்கள். நிகான் அதை இரண்டு முறை படித்தான். அவன் அக்கா உஸ்தீன்யா வாழ்க்கைப்பட்ட இடம் அது. சக்கரவர்த்தி அதில் ஒன்றும் குறிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். கோமான் அதை மடியில் வைத்தபடி ராஸ்பெர்ரி ஜாம் கலந்த தேநீரைக் குடித்தார். 'தானியம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. கோமான் அப்படியே தூங்கிப்போனார். விழித்ததும் சொட்டைக் கண்டு எழுந்து நின்றார்.

"மாமன்னர் குறி. பூசுப்பா."

"பிரபுவே, அது வந்து..."

"முதல்ல பூசு."

பூசினான்.

"சிவப்புன்னா ரத்தம். ரத்தம்னா கலகம்," என்றார் கோமான். "சுகோபோலுக்குப் படை போகணும்."

நிகானுக்கு அக்காவின் முகம் கண்ணுக்குள் நின்றது. "தப்பா எடுத்துக்காதீங்க பிரபுவே. அது உங்க ஜாம்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பூசறப்போ ராஸ்பெர்ரி விதை தட்டுப்பட்டுச்சு."

கோமான் கொஞ்சம் யோசித்தார். "வார்னிஷ் பூசியாச்சா?"

"ரெண்டு பூச்சு."

"மாமன்னர் குறிக்கு மட்டும்தானே பூசுவோம்?"

"ஆமாங்க."

"அப்போ அது மாமன்னர் குறிதான். விதையைப் பத்தி இன்னொரு வாட்டி வாய் திறந்தே, சைபீரியாவுல போய் விதைக்கலாம்."

தானியத்துக்குப் பதில் முந்நூறு குதிரைப்படையினர் போனார்கள். கலகக்காரர்கள் கிடைக்கவில்லை, தேடியவர்களுக்குப் பசித்தது. விதைக்கு வைத்திருந்த கடைசித் தானியம் அவர்கள் வயிற்றுக்கும் குதிரைகளின் வயிற்றுக்கும் போயிற்று. 'வட்டத்தில் பூரண அமைதி நிலவுகிறது' என்று தளபதி எழுதினார். பாதி ஊர் பிச்சைக்குக் கிளம்பிவிட்டால் அமைதிக்கு என்ன குறைச்சல்?

கோமானுக்கு வைரப் பதக்கம் வந்தது. குறியைச் சிதையாமல் காத்த நிகானுக்கும் ஒரு வெண்கலப் பதக்கம். முதல் நாள் அதைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது. மறுநாள் துடைத்துச் சட்டையில் குத்திக்கொண்டான்.

இலையுதிர்காலத்தில் உஸ்தீன்யா அலுவலக வாசலில் வந்து நின்றாள். கால்களில் துணி சுற்றியிருந்தது.

"நடந்தே வந்தேன்டா. இருந்த விதையையும் தின்னுட்டுப் போயிட்டானுங்க. ஊரே கைநாட்டு வச்ச மனு இது. உன் பிரபுகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

நிகான் மனுவை வாங்கி, நான்கு ஓரங்களையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னக்கா, குறியே இல்லியே?"

"குறி எதுக்குடா? பசிக்குதுன்னு எழுதியிருக்கே."

அவன் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே வருந்தினான்.

"குறி இல்லாம நான் எதுமேலக்கா பூசறது?" என்று சொல்லி, மனுவை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.