புதன்கிழமை மூணு மணிக்கு லைன் கிடைக்காது

“நெட்ல நம்மூரு ரேடியோ எடுக்குது ஹஃபீசா! ஆபீஸ் கம்ப்யூட்டர்ல காதுல மாட்டிக்கிட்டுக் கண்ண மூடுனா, பெரம்பலூர் பஸ்ஸ்டாண்டுல நிக்கிற மாதிரியே இருக்கு.”

“நாலு வருசமா பஸ்ஸுக்குத்தான் நிக்கிறீங்களாக்கும்? ஒண்ணும் வரலியா?”

“கிண்டலா? விளம்பரம்கூட விடாம கேக்குறேன் புள்ள. புதன்கெழம மூணு மணிக்கு ஒரு நிகழ்ச்சி போடுறான். போன் பண்ணி யாரு வேணா யாருக்கு வேணா பேசி, பாட்டுக் கேக்கலாம். எனக்கு அது சாப்பாட்டு நேரம். ஒரு வாரமும் வுடுறதில்ல.”

போன மாதம் ஹுமாயூன் துபாயிலிருந்து பேசியது இது. ஹஃபீசா இதைத் தினமும் நாலு தடவையாவது மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததும், ரசத்தில் இரண்டு முறை உப்பு விழுந்ததும் அதனால்தான்.

அந்தப் பேச்சைக் கேட்டது அவள் மட்டுமல்ல. லெப்பைக்குடிக்காட்டில் அந்த வீட்டுக்கு துபாய் போன் வந்தால் ஸ்பீக்கர் பட்டனை அமுக்கிவிடுவார்கள். முதலில் மாமியார் சபூராம்மா, பிறகு நாத்தனார் மர்ஜியா, பிறகு அந்த நேரத்தில் கறிவேப்பிலை கேட்டு வந்தவர்கள். கடைசியில்தான் மனைவி. “சாப்டீங்களா?” “சாப்டேன். நீ?” “ம்.” பெரும்பாலும் அதற்குள் போன் கார்டு தீர்ந்துவிடும்.

கம்பெனியில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். “போட்டுடவாம்மா?” என்று ஹுமாயூன் கேட்டபோது, “ஒன் இஷ்டம் அத்தா. எங்களுக்கென்ன, நல்லாத்தான் இருக்கோம்” என்றார் சபூராம்மா. பக்கத்தில் நின்ற ஹஃபீசாவும், ஸ்பீக்கருக்குத் தலை தெரியாது என்பதை மறந்து, தலையை ஆட்டி வைத்தாள்.

‘போதும், வந்துருங்க’ என்று சொல்ல அவளுக்கு நாலு வருஷமாக ஆசை. மாமியார் முன்னால் சொன்னால், சம்பாதிக்கிற பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்தவள் என்று பெயர் வரும். கடிதம் எழுதினால், ஒட்டுவதற்கு முன்பே “என்னத்தா எழுதியிருக்கே, படி கேப்போம்” என்பார்கள். ஆகவே யோசித்துப் பார்த்ததில், புருஷனிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசுவதற்கு உலகத்திலேயே தோதான இடம் ரேடியோதான் என்ற முடிவுக்கு அவள் வந்தாள்.

கையெழுத்துக்கு இன்னும் மூன்று புதன்கிழமைகள் இருந்தன.

முதல் புதன். மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சபூராம்மா கூப்பிட்டார். “ஏ ஹஃபீசா, இந்தக் கறிய மர்ஜியா வூட்ல குடுத்துட்டு வா. மெதுவாவே வா.”

ஹஃபீசா ஓடினாள். கிண்ணத்தை நாத்தனார் கையில் திணித்துவிட்டு அதே ஓட்டத்தில் திரும்பி வந்தால், மாமியார் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

“என்ன, மூச்சு வாங்குது?”

“ஒரு போன் பண்ணணும் மாமி. கேஸுக்கு.”

“நேத்துதானே சிலிண்டர் மாத்துனோம்?”

“ஒண்ணு கூடுதலா இருக்கட்டும்னு...”

“அப்ப பண்ணு.”

மாமியார் நகரவில்லை. வேறு வழியில்லாமல் கேஸ் ஏஜென்சிக்கே போன் போட்டாள். மறுநாள் அந்த சிலிண்டர் வந்து, வைக்க இடமில்லாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. இத்தனை நாள் ஆளில்லாமல் கிடந்த பக்கத்தில் சிவப்பாக ஒன்று நிற்பதைப் பார்த்து, ராத்திரி அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இரண்டாம் புதன். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அல்தாப்பின் டெலிபோன் பூத்துக்குப் போய் ரேடியோ நம்பரை அழுத்தினாள். எங்கேஜ்டு. மறுபடி. எங்கேஜ்டு. விரல் நுனி சிவந்துவிட்டது.

“யாருக்குக்கா இப்புடிப் போட்டுக்கிட்டே இருக்கீங்க?” என்றான் அல்தாப்.

“டாக்டருக்கு” என்றாள், வாய்க்கு வந்ததை.

இருபதாவது தடவையும் எங்கேஜ்டு. மூன்றரை மணிக்கு நிகழ்ச்சி முடிந்தது. பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்வதற்குள், ஹஃபீசா டாக்டருக்கு இருபது தடவை போன் போட்ட சேதி ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. மூன்று வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. ஒருவர் மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீர் கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை துபாயிலிருந்து போன் வந்தது.

“ஹஃபீசா, ஒனக்கு என்ன பண்ணுது?” ஸ்பீக்கரில் ஹுமாயூன் அவசரமாகக் கேட்டான்.

“ஒண்ணுமில்லங்க.”

“ஒண்ணுமில்லாததுக்கா இருவது தடவ டாக்டருக்குப் போட்டே? மறைக்காத. எம்புட்டு செலவானாலும் சரி, வைத்தியம் பாப்போம். வர்ற வியாழக்கெழம நான் மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுடுறேன்!”

ஹஃபீசா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

“பாத்தியா, தல சுத்துது” என்றாள் மர்ஜியா, போனைப் பார்த்து.

“நான் பெரம்பலூரு ஆஸ்பத்திரிக்கு அழச்சிட்டுப் போறேன் அத்தா” என்றார் சபூராம்மா. “புதன்கெழமைக்கு டோக்கன் வாங்கச் சொல்லிட்டேன்.”

மூன்றாம் புதன். விடிந்தால் கையெழுத்து. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஹஃபீசாவுக்கு டோக்கன் நாற்பத்தொன்று. உள்ளே போயிருந்தது இருபத்தாறு. நர்ஸ் மலர்க்கொடி பிரஷர் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

“என்னங்க இது, பஸ் பின்னாடியே ஓடி வந்த மாதிரி அடிக்குது? எதையாச்சும் மனசுல போட்டு வச்சிருக்கீங்களா?”

“மணி என்னங்க ஆச்சு?”

“ரெண்டு அம்பது.”

“இப்ப இன்னும் வேகமா அடிக்கும்” என்றாள் ஹஃபீசா.

பெஞ்சில் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார முடியவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். என்ன பொய் சொல்லி வெளியே போவது? கேஸும் தீர்ந்தது, டாக்டரும் தீர்ந்தார். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சபூராம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“நீ ஒக்காந்திரு. வெத்தல வாங்கிட்டு வந்துடுறேன். எங்கயும் எழுந்து போயிடாத.”

மாமியார் தலை மறைந்ததும் ஹஃபீசா பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். மருந்துக் கடை வாசலில் ஒரு ரூபாய் போன் இருந்தது. காசைப் போட்டு அழுத்தினாள். எங்கேஜ்டு. காசு திரும்பி விழுந்தது. போட்டாள். எங்கேஜ்டு. எந்தப் பாவி இப்படி லைனைப் பிடித்துவைத்திருக்கிறதோ என்று வாய்விட்டே திட்டினாள். பின்னால் நின்றவர், “சீக்கிரம்மா” என்றார். “இந்த ஒரு தடவண்ணே” என்று ஏழாவது முறையாகச் சொன்னாள்.

மணி அடித்தது!

“வணக்கம்! யாரு, எங்கேருந்து பேசுறீங்க?” சந்தோஷமான ஒரு பெண் குரல்.

“ஹஃபீசா. லெப்பைக்குடிக்காடு.”

“யாருக்காகப் பாட்டு?”

“எங்க வூட்டுக்காரவங்களுக்கு. துபாய்ல இருக்காங்க.”

“அவர் பேரச் சொல்லுங்க சிஸ்டர்.”

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஹஃபீசா அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவரிடம்கூட மாமியார்தான் சொன்னார். போன் ‘கீ... கீ...’ என்று அடுத்த காசு கேட்டது. கையில் காசு இல்லை.

“ஹுமாயூன்!” என்று கத்தினாள். மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஹுமாயூனா? துபாயா?” அந்தக் குரல் ஏனோ தடுமாறியது. “என்ன பாட்டு...”

“பாட்டெல்லாம் வேணாங்க.” பின்னால் நின்றவர் இரக்கப்பட்டு ஒரு ரூபாயை எடுத்துப் போட்டார். ஹஃபீசா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “மச்சான், எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. கையெழுத்துப் போடாதீங்க. சம்பாதிச்சது போதும்... வந்துருங்க!”



“சிஸ்டர்,” என்றது அந்தக் குரல் மெல்ல, “துபாய்ல இருக்குற மகன் ஹுமாயூனை வந்துடச் சொல்லணும்னு உங்க ஊர்லேருந்து ஒரு அம்மா வாராவாரம் எங்க லைனப் புடிச்சு வச்சிக்கிட்டு, ரேடியோவுல பேசுங்கம்மான்னா மட்டும் ‘வேணாந்தாயி, மருமவ கேட்டா புருசன் பொழப்பக் கெடுத்துட்டேன்னு நெனப்பா’ன்னு வச்சுடுறாங்க; இப்பக்கூட உங்களுக்கு முன்னாடி அவங்கதான் இருந்தாங்க... அது உங்க மாமியாருங்களா?”