பக்கவாட்டில் இடிபட்ட சம்பந்திக்கு

மதிப்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகனைப் பெற்றவன் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் இரத்த அழுத்தமும் நலம்தானே? பேத்திக்கு எட்டு மாதம் முடிந்து இரண்டு பல் முளைத்திருக்கிறது. இரண்டையும் என் மூக்குக் கண்ணாடியில் பரிசோதித்துவிட்டாள். இரத்த அழுத்தத்தை நான் விசாரித்ததற்குக் காரணம் உண்டு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படிக்கவும்.

போன வியாழக்கிழமை முடிவெட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். கூடத்தில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், காரில் குழந்தையை உட்கார வைக்கும் சீட் ஒன்று இருந்தது. "சம்பந்தி ஏதோ அனுப்பறேன்னு போன்ல சொன்னாரேங்க, அதுவாத்தான் இருக்கும். நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள யாரோ வெச்சுட்டுப் போயிருக்காங்க" என்றாள் என் வீட்டுக்காரி. புதிதாகத் தெரியவில்லை. தங்கள் மகன் வீட்டுப் பேரன் உட்கார்ந்து வளர்ந்த சீட் போலிருக்கிறது, பாசத்தோடு நமக்கு அனுப்பியிருக்கிறார் என்று நாங்களே தீர்மானித்து நெகிழ்ந்துபோனோம். துணியைக் கழற்றித் துவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். அதுதான் வினையாயிற்று.

நான் முப்பத்து நான்கு வருடம் டிங்கர் பட்டறையில் வண்டிகளின் நசுங்கல் எடுத்தவன். என் விரலுக்கு என் கண்ணைவிடப் பார்வை அதிகம். துணியை உரித்து வலது பக்கத்துப் பிளாஸ்டிக்கைத் தடவியபோது ஓர் இடத்தில் விரல் நின்றுவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு ஜாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. சம்பந்தி, பிளாஸ்டிக் சும்மா வெளுக்காது. ஓங்கி அடி வாங்கி, மடங்கி, திரும்பியிருந்தால்தான் வெளுக்கும். வண்டிக்காரர்கள் எல்லோரும் "நிறுத்தி வெச்சிருந்தேன், எவனோ இடிச்சுட்டுப் போயிட்டான்" என்றுதான் சொல்வார்கள். தகரமும் பிளாஸ்டிக்கும் அப்படியெல்லாம் பேசாது. தாங்கள் யார்? இருபத்தெட்டு வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வாளராக இருந்தவர். என்னையே மூன்று முறை ஃபெயில் செய்தவர். முதல் முறை நான் பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்றீர்கள். இரண்டாம் முறை கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றீர்கள். மூன்றாம் முறை, "பாத்தீங்க, ஆனா நீங்க பாத்தது எனக்குத் தெரியல" என்றீர்கள். அப்பேர்ப்பட்ட தங்கள் வண்டியைப் பக்கத்திலிருந்து ஒருவன் இடித்திருக்கிறான், அல்லது (எழுதவே கை கூசுகிறது) தாங்களே போய்ப் பக்கவாட்டில் மோதியிருக்கிறீர்கள், அதை மூடி மறைத்துச் சீட்டை எங்களுக்கு அனுப்பிவிட்டீர்கள் என்று நினைக்கும்போது யானைக்கும் அடி சறுக்கும் என்ற பழமொழிதான் நினைவுக்கு வந்தது. தங்களை யானை என்று சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோபத்தில் எழுதுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். வண்டியின் முன்னால் பானெட், எஞ்சின், பம்பர் என்று ஒரு ஆள் நீளத்துக்குத் தடுப்பு இருக்கிறது. பின்னால் டிக்கி இருக்கிறது. பக்கத்தில் என்ன இருக்கிறது? நான் ஆயிரம் கதவுகளைப் பிரித்திருக்கிறேன். கண்ணாடியை ஏற்றி இறக்கும் எந்திரம், நாலு ஒயர், ஒரு இரும்புக் கம்பி, மீதியெல்லாம் காற்று. அதற்கு இந்தப் பக்கம் குழந்தையின் தலை. ஒருமுறை பின்கதவு சீட்டின் பாதிவரை உள்ளே போன வண்டி ஒன்று வந்தது. நாலு நாளில் நேராக்கிக் கொடுத்தேன். "புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்று உரிமையாளர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கதவோரம் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அப்போது எனக்குப் பேத்தி கிடையாது. வியாழக்கிழமை மத்தியானம் அந்தக் கதவு நினைவுக்கு வந்து, போட்ட சோறு அப்படியே இருந்தது.

தங்கள் மகளின் மனம் புண்படக் கூடாதே என்று அவளிடம் மூச்சு விடவில்லை. சீட்டை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ஒளித்துவிட்டு, "சும்மா ஒரு புதுச் சீட் பாத்துட்டு வரலாம்மா" என்று குழந்தையோடு கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த ஒவ்வொரு பெட்டியிலும் 'பக்கவாட்டுப் பாதுகாப்பு' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். விற்கிற பெண்ணிடம், "எந்தப் பக்கத்துலேர்ந்து, என்ன வேகத்துல இடிச்சுப் பாத்தீங்கம்மா?" என்று கேட்டேன். "நான் இடிக்கல சார், விக்கிறேன்" என்றாள். ஆனால் கெட்டிக்காரி. "பெட்டியில எழுதறதுக்கு மை இருந்தாப் போதும் சார். சீட்டுக்குப் பின்னால ஒட்டியிருக்கிற முத்திரையப் பாருங்க. புதுத் தரவிதின்னா பக்கத்துலேர்ந்தும் இடிச்சுப் பாத்திருக்காங்க. பழசுன்னா முன்னாடி, பின்னாடி மட்டும்தான். அப்புறம் தலைக்கு ரெண்டு பக்கமும் நீட்டியிருக்கிற இந்த ரெண்டு சிறகு. கொழந்த தூங்கினா தலை இதுக்குள்ளதான் விழணும். வளர வளர ஒசத்தி வெக்கணும். தோள்பட்டை வார் தளர்ந்திருந்தா சிறகு இருந்தும் பிரயோஜனமில்ல" என்றாள். இவ்வளவு சொன்னவள், "எதை வாங்கினாலும் உங்க வண்டியில அசையாம உக்காருதான்னு பாத்துட்டு வாங்குங்க" என்று வேறு சொல்லிவிட்டாள். என்னிடம் அப்படிச் சொல்லலாமா?

ஏழு சீட்டுகளைக் கார் நிறுத்துமிடத்துக்குச் சுமந்தேன். பின்சீட்டின் நடுவில் வைத்தால் இரண்டு கதவுக்கும் தூரம்தான், ஆனால் எங்கள் வண்டியில் நடுப்பகுதி ஒட்டக முதுகு போல் மேடு, எந்தச் சீட்டும் ஆடுகிறது. ஓரத்தில்தான் கிண்ணென்று உட்கார்ந்தது. ஒவ்வொன்றையும் பூட்டிவிட்டு, ஏழடி பின்னால் போய், ஓடி வந்து கதவில் தோளால் மோதினேன். குழந்தை தங்கள் மகள் இடுப்பிலிருந்து ஒவ்வொரு மோதலுக்கும் சிரித்தாள். தங்கள் மகள் யாரோ மூன்றாம் மனிதரைப் பார்ப்பதுபோல் வேறு பக்கம் பார்த்தாள். நாலாவது சீட்டில் காவலாளி ஓடி வந்தார். "என்ன சார் பண்றீங்க?" "நான்தான் லாரி" என்றேன். "லாரிக்கு இங்க இடம் கிடையாது சார், வெளிய எடுங்க" என்றார். அதற்குள் ஐந்தாவது சீட் பிடித்துவிட்டது. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. குழந்தையைப் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து வாரை இழுத்துவிட்டேன். தோளில் இரண்டு விரலால் கிள்ளினால் வார் சிக்கவில்லை. அதையே வாங்கிவிட்டோம். என் தோள் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

தாங்கள் அனுப்பிய சீட்டைப் பற்றி: அடிபட்ட சீட்டை இன்னொரு பிள்ளை உபயோகிக்கக் கூடாது. ஆகவே மொட்டை மாடியில் வைத்து, தகரம் வெட்டும் கத்தரியால் வார்களை நறுக்கி, சிறகுகளைச் சுத்தியலால் உடைத்து, சிவப்புப் பெயிண்டில் 'அடிபட்டது' என்று எழுதிவிட்டேன். தாங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. யார் யாரை இடித்தது என்று மட்டும் ஒரு வரி எழுதினால் போதும். விஷயம் நம் இருவருக்குள்ளேதான் இருக்கும். என் வீட்டுக்காரிக்கும், அவள் தங்கைக்கும், பழைய பட்டறை நண்பர்களுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். இருவரும் நூறு வயது, கதவு நசுங்காமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்களால் மூன்று முறை ஃபெயில் செய்யப்பட்டும் அன்பு மாறாத
சம்பந்தி

பின்குறிப்பு: தபால்தலை ஒட்ட வந்த தங்கள் மகள் இதைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ மாமா, அது அப்பா அனுப்பினதில்ல! கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரோடது. அவர் வீட்ல பெயிண்ட் அடிக்கிறாங்க, ஒரு நாள் மட்டும் இருக்கட்டும்னு நம்ம கூடத்துல வெச்சுட்டுப் போனார். திரும்ப எடுத்துட்டுப் போயிட்டார்னு நெனச்சேன். போன மாசம் அவர் வண்டியத்தான் பக்கத்துலேர்ந்து இடிச்சுட்டாங்க. இன்ஷூரன்ஸ்காரர் நாளைக்கு வந்து அந்தச் சீட்டைப் பாக்கணுமாம், அப்படியே வெச்சிருக்கச் சொல்லியிருக்காராம்" என்கிறாள். வெள்ளைக் கோட்டைப் பொறுத்தவரை நான் சொன்னது சரிதான் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். தங்கள் பார்சல் இப்போதுதான் வந்தது. பிரித்தோம். புத்தம்புதிய சீட். நான் வாங்கிய அதே கம்பெனி, அதே நிறம், அதே முத்திரை. தாங்களும் எத்தனை கடை ஏறி இறங்கினீர்களோ, சம்பந்தி. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான், ஆனால் சிறகைப் பற்றி இவ்வளவு விளக்கமாக இன்னொரு முறை எனக்கு எழுத வராது. ஆகவே தங்களைப் பற்றி வரும் இடங்களை மட்டும் படிக்காமல் தாண்டிவிடவும். வாசலில் மணி அடிக்கிறது. மருந்துக்கடைக்காரர்தான். நான் ஊரிலேயே இல்லை என்று என் வீட்டுக்காரி சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் ஒளிந்திருக்கும் கதவைப் பார்த்துப் பேத்தி கைதட்டுகிறாள்.