எலுமிச்சம்பழம் ஏறிய லாரி

"கனம் முன்னால இருந்தாத்தான் மேடு ஏறும்..." எஸ்டேட் லாரி ஓட்டிய சிவநேசனின் அப்பா அடிக்கடி சொல்வார். அதற்கு இன்னொரு பாதியும் உண்டு. அது அவனுக்கு மறந்துவிட்டது. போகட்டும், ஏறினால் போதாதா?

ஏற வேண்டிய மேடு ஓர் எலுமிச்சம்பழம்.

பெர்த் நகரிலிருந்து சொந்த ஊரான சுங்கைப் பட்டாணிக்குத் திரும்பி வந்தபோது சிவநேசன் சேர்த்துக் கொண்டுவந்த ஒரே சொத்து, ரிமோட்டில் ஓடும் குட்டி லாரிகள். ஹாலில் இருந்த கண்ணாடி அலமாரி முழுக்க லாரி. மனைவி பிரேமாவதியின் பீங்கான் தட்டுகள் கட்டிலுக்கடியில்.

"ஏங்க, ஆயுத பூஜைக்கு உங்க லாரிக்கும் பழம் வைப்போம். பழத்துல ஏறி எறங்கி, வீட்ட ஒரு சுத்து வரட்டும். வந்தா அலமாரி உங்களுக்கு. வரலேன்னா என் தட்டுக்கு."

"சரி. பேச்சு மாறக்கூடாது!"

"புவனேஸ்வரன் தம்பி, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்த்தான். "கேட்டேன்க்கா. அண்ணன் பாவம் லா."

முதல் ஒத்திகையில் லாரி பழத்தில் முட்டி, மூக்கைத் தூக்கி, மல்லாந்தது. பாரமெல்லாம் பின்னால். முன்சக்கரங்களுக்குள் தூண்டில் ஈயக்குண்டுகளைத் திணித்தான். ஏறியது! ஆனால் பிரேமாவதி அடுத்து வாங்கி வந்த பழம் பெரிது. இன்னும் ஈயம். அதற்கடுத்தது அதைவிடப் பெரிது. இன்னும் ஈயம். ஹாலில் நேராகத்தான் ஓட்ட முடிந்தது, திருப்ப இடமேது? மிதிபட்ட பழமெல்லாம் ஊறுகாயாகி மூன்று வேளையும் அவன் தட்டுக்கே வந்தது.

பூஜையன்று லாரிக்கு விபூதி, சந்தனம், குங்குமம். பழம் கிட்டத்தட்ட மாங்காய். கோயில் யானை மாதிரி ஏறி இறங்கியது லாரி.

"பார்த்தியா!"

"பாத்தேன். வீட்டச் சுத்தணும்ல?"

வலப்பக்கம் திருப்பினான். சக்கரம் திரும்பவில்லை. அத்தனை ஈயத்தையும் திருப்ப முடியாமல் ஸ்டியரிங் மோட்டார் கொசு மாதிரி அழுதது. திருப்புகிற பதற்றத்தில் நிறுத்தத் தோன்றவில்லை. லாரி நேரே போய் வாசல் லோங்காங்கில், அந்தச் சாக்கடைக் கால்வாயில், குப்புற விழுந்தது.

அப்பா சொன்ன பின்பாதி அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"தண்ணி இல்லண்ணே, பயப்படாதீங்க!" என்றான் புவனேஸ்வரன்.

"நாளுக்கு நாள் பெரிய பழமா எதுக்கு வாங்குனேன்னு நெனச்சீங்க?" பிரேமாவதி குங்குமக் கையைத் துடைத்துக்கொண்டாள். "மோட்டார் சைக்கிள் முன்கூடையில அரிசி மூட்டைய ஏத்தி என்னைய பாசார்லேர்ந்து ஓட்டிட்டு வரச் சொல்வீங்களே. அது திரும்புமா, திரும்பாதான்னு எனக்குத் தெரியாதா?"

சிவநேசன் அலமாரியைக் காலி செய்துவிட்டு, கட்டிலுக்கடியில் ஊர்ந்துபோய், தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே நீட்டினான்.